சிறு பவளத்தொட்டி: எதில் சிக்கனம், எதில் கூடாது

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

வீட்டில் கடல்நீர்த் தொட்டி வைப்பதைப் பற்றி நம் ஊரில் இரண்டு எண்ணங்கள் ஊறிப்போயிருக்கின்றன. அது லட்ச ரூபாய் கையில் வைத்திருப்பவர்களின் பொழுதுபோக்கு என்பது ஒன்று. ராமேசுவரத்துப் பக்கமோ தூத்துக்குடிப் பக்கமோ போய் நாலு பவளக்கல்லும் ஒரு சாக்கு மணலும் இரண்டு கேன் கடல்நீரும் கொண்டுவந்துவிட்டால் செலவே இல்லாமல் முடிந்துவிடும் என்பது மற்றொன்று. இரண்டுமே தவறு. முதலாவது ஆர்வமுள்ள பிள்ளைகளை எட்ட நிறுத்திவிடுகிறது. இரண்டாவது கடலுக்குக் கேடு. செய்கிறவரைச் சிறைக்கும் அனுப்பக்கூடியது. ஒன்றரை அடித் தொட்டியில், உயிரினங்களின் விலை நீங்கலாக, பத்துப் பன்னிரண்டாயிரம் ரூபாயை ஒட்டிய செலவில் ஒரு சிறு பவளத்தொட்டியை நல்லபடியாக அமைக்கலாம். அதற்கு எந்தச் செலவைக் குறைக்கலாம், எதைக் குறைத்தால் எல்லாம் செத்துப்போகும் என்று தெரிந்திருக்க வேண்டும். அதை விரிவாக எழுதுகிறோம். இடமிருந்தால் முழுமையாக வெளியிட வேண்டுகிறோம்.

முதலில் சட்டம். 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் பாறை கட்டும் கல்பவளங்கள் அனைத்தும் 2001இல் சேர்க்கப்பட்டன. கடல் விசிறி, கரும்பவளம், நெருப்புப் பவளம், கடற்குதிரை, கடல் அட்டை ஆகியவையும் பாதுகாக்கப்பட்டவை. புலிக்கும் யானைக்கும் உள்ள அதே பாதுகாப்பு இது. உயிருள்ள பவளம் மட்டுமல்ல, கரையில் ஒதுங்கிக் காய்ந்து வெளுத்துக் கிடக்கும் பவளக்கல்லை எடுத்து வைத்திருப்பதும் விற்பதும் குற்றம். தண்டனை மூன்று முதல் ஏழு ஆண்டுச் சிறை. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகள் 1986இல் கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்படும் முன்னும், அதற்குப் பிறகு பல ஆண்டுகளும், சுண்ணாம்புக்காகவும் கட்டுமானத்துக்காகவும் அங்கே பவளம் வெட்டியெடுக்கப்பட்டது. இரண்டு தீவுகள் இன்று நீருக்குள் போய்விட்டன. வீட்டுத்தொட்டிக்காக இன்னும் ஒரு கல்லைக்கூட அங்கிருந்து எடுக்க வேண்டிய தேவை இல்லை. அதற்கு மாற்று இருக்கிறது, மலிவாகவே இருக்கிறது.

தொட்டியின் அளவு. மிகச் சிறியது மலிவு என்று நினைத்துப் பத்து லிட்டரில் தொடங்குகிறவர்கள்தான் அதிகம் தோற்கிறார்கள். நீர் குறையக் குறைய வெப்பமும் உப்பும் வேகமாக ஏறி இறங்கும். 45 சென்டிமீட்டர் நீளம், 30 அகலம், 30 உயரம் என்பதே நாங்கள் பரிந்துரைக்கும் கீழெல்லை. மேல்விளிம்புக்கு மூன்று சென்டிமீட்டர் கீழே வரை நிரப்பினால் 36 லிட்டர். கற்கள் பிடிக்கும் இடம் போக ஏறக்குறைய 33 லிட்டர் நீர் நிற்கும். இந்தக் கடிதத்தில் வரும் கணக்கெல்லாம் அந்த 33 லிட்டருக்கானது. சென்னை கொளத்தூரிலும் மற்ற ஊர்களின் மீன் கடைகளிலும் 5 மில்லிமீட்டர் கண்ணாடியில் சொன்ன அளவுக்கு ஒட்டித் தருவார்கள். வெளிநாட்டுப் பெயர் போட்ட தொட்டி வேண்டியதில்லை. பூஞ்சைத் தடுப்பு மருந்து கலந்த குளியலறை சிலிக்கான் மட்டும் கூடாது என்று கேட்டுக்கொள்ளுங்கள். ஒட்டியபின் ஒரு வாரம் உலரவிட்டு, நன்னீர் நிரப்பி இரண்டு நாள் கசிவு பாருங்கள். எல்லாம் சேர்ந்தால் ஐம்பது கிலோ வரும். பிளைவுட் அலமாரியின் நடுப்பலகை அதைத் தாங்காது. சமமான, அசையாத மேசை வேண்டும். தொட்டிக்கு அடியில் ஒரு தெர்மாகோல் தகடு.

இனி உப்பு. பணம் மிச்சம் பிடிக்கலாம் என்று எல்லோரும் கை வைப்பது இதில்தான், கை வைக்கவே கூடாததும் இதுதான். தூத்துக்குடியிலும் வேதாரண்யத்திலும் கடல்நீரிலிருந்துதானே உப்பு எடுக்கிறார்கள், அந்தக் கல்லுப்பையே திரும்பக் கரைத்தால் கடல்நீர் வந்துவிடாதா என்று கேட்கிறார்கள். வராது. உப்பளத்தில் நீர் சுண்டும்போது சுண்ணாம்பும் ஜிப்சமும் முந்திய பாத்திகளிலேயே படிந்துவிடுகின்றன. அதன்பிறகு விளைவதுதான் சமையல் உப்பு. மெக்னீசியமும் பொட்டாசியமும் மிகுந்த கசப்பு நீரைக் கடைசியில் வடித்துவிடுகிறார்கள். ஆக, கல்லுப்பில் பவளத்துக்கு வேண்டியவை முன்னும் பின்னுமாகக் கழன்றுபோய் சோடியம் குளோரைடு மட்டுமே மிஞ்சுகிறது. இயல்பான கடல்நீரில் ஒரு லிட்டருக்குக் கால்சியம் 400 மில்லிகிராமுக்குச் சற்று மேலும், மெக்னீசியம் 1,300 மில்லிகிராம் அளவிலும், பொட்டாசியம் 400 மில்லிகிராம் அளவிலும் உண்டு. இவையெல்லாம் சேர்ந்த கடல்தொட்டி உப்பையே வாங்க வேண்டும். லிட்டருக்கு ஏறக்குறைய 37 கிராம் பிடிக்கும். முதல் நிரப்பலுக்கு ஒன்றேகால் கிலோ. பிறகு வாரம் நான்கு லிட்டர் மாற்ற 150 கிராம். ஆண்டுக்கு எட்டுக் கிலோவைத் தாண்டாது. தொட்டி சிறியதாக இருப்பதன் பெரிய லாபமே இதுதான்: விலை கூடிய உப்பை வாங்கினாலும் கட்டுப்படியாகும். இரண்டாம் தர உப்பு வாங்கி மிச்சம் பிடிப்பது சில நூறு ரூபாய்தான்.

உப்பை நீரில் போட வேண்டுமே தவிர, உப்பின்மேல் நீரை ஊற்றக் கூடாது. அப்படி ஊற்றினால் ஒரு கணம் செறிவு எல்லை மீறி, கால்சியம் சுண்ணாம்பாகித் திரிந்துவிடும். வெள்ளைப்பொடியாக அடியில் நிற்கும், எவ்வளவு கலக்கினாலும் கரையாது. பிளாஸ்டிக் வாளியில் சிறு பம்பு ஓடவிட்டுக் கரைத்து, மறுநாள் பயன்படுத்துங்கள். பித்தளை, செம்புப் பாத்திரங்கள் கிட்டவே வரக்கூடாது. செம்பு இம்மியளவு கரைந்தாலும் நத்தையும் இறாலும் பவளமும் தாங்கா.

கடற்கரையில் இருப்பவர்கள் இயற்கைக் கடல்நீரைப் பயன்படுத்தலாமா? பயன்படுத்தலாம், ஆனால் கரையோர நீர் ஆகாது. சென்னையில் கூவமும் அடையாறும் எண்ணூர்க் கழிமுகமும் கலக்கும் கரை அது. ஆழ்கடலுக்குப் போகும் படகுக்காரர்களிடம் சொல்லி, கரையை விட்டு நன்கு விலகி எடுத்துவரச் செய்யலாம். எடுத்த நீரை மூடிய கேனில் இருட்டில் இரண்டு வாரம் வைத்து, அடியில் தங்கியதை விட்டு மேல்நீரை மட்டும் இறுத்துக்கொள்ள வேண்டும். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் எடுக்க வேண்டாம். ஆற்று வெள்ளம் இறங்கி வங்கக் கடலின் மேல்நீர் மிகவும் நீர்த்திருக்கும். எப்போது எடுத்தாலும் உப்பளவைப் பார்த்துச் சரிசெய்த பிறகே தொட்டிக்குள் ஊற்றுங்கள்.

உப்பைக் கரைக்கும் நன்னீரும் அதே அளவு முக்கியம். ஆழ்துளைக் கிணற்று நீரும் குழாய் நீரும் நைட்ரேட், பாஸ்பேட், சிலிக்கேட், குளோரின் எல்லாவற்றையும் கொண்டுவரும். கேன் தண்ணீரிலும் வீட்டு ஆர்.ஓ. நீரிலும் ருசிக்காக உப்புகளைத் திரும்பச் சேர்த்திருப்பார்கள், அல்லது பக்கவாட்டுத் திருகு வழியாகப் பச்சைத் தண்ணீரையே கொஞ்சம் கலந்துவிட்டிருப்பார்கள். அந்தத் திருகை மூடச் சொல்லி, வரும் நீரை டி.ஐ. ரெசின் (நீரில் கரைந்த உப்புகளைப் பிடித்துக்கொள்ளும் மணிகள்) நிரப்பிய ஒரு சிறு குழல் வழியாக விட்டால் போதும். கரைந்துள்ள உப்புகளின் அளவைக் காட்டும் சில நூறு ரூபாய் டி.டி.எஸ். மீட்டரில் சுழி காட்ட வேண்டும். ஐந்தைத் தாண்டத் தொடங்கினால் ரெசின் தீர்ந்துவிட்டது என்று பொருள். டி.டி.எஸ். 80 உள்ள நீரில் தொடங்கிவிட்டுப் பாசி வருகிறதே என்று மருந்து தேடுவது வீண்.

உப்பை அளக்க மலிவான மிதவைக் கருவி வேண்டாம். அதன் முள்ளில் ஒரு குமிழி ஒட்டினாலே அளவு மாறிவிடும். ஒளிவிலகல் மூலம் அளக்கும் ரிஃப்ராக்டோமீட்டர் வாங்குங்கள். வாங்கியதும் சுத்த நீரை வைத்து சுழியில் நிறுத்தினால் வேலை முடிந்தது என்று எண்ணிவிடக் கூடாது. 35 என்ற இடத்தில் அது சரியாகக் காட்டுகிறதா என்று பார்க்க வேண்டும். அதற்கான திரவத்தை வீட்டிலேயே செய்யலாம்: சமையல் உப்பை வாணலியில் வறுத்து ஈரம் போக்கி, 3.65 கிராம் எடுத்து 96.35 கிராம் சுத்த நீரில் கரையுங்கள். நகைத்தராசு போன்ற சிறு மின்தராசு போதும். இந்தக் கரைசல் ஒளியை வளைக்கும் அளவு, ஆயிரத்துக்கு 35 பங்கு உப்புள்ள கடல்நீருக்குச் சமம். கருவி 35 காட்டும் வரை திருகைத் திருப்பி நிறுத்துங்கள். தொட்டியின் இலக்கும் அதே 35தான். ஒப்படர்த்தியில் சொன்னால் 1.026.

நீர் ஆவியாகும்போது உப்பு ஆவியாவதில்லை. இது எல்லோருக்கும் தெரிந்ததுதான், ஆனாலும் புதிதாகத் தொடங்குபவர்கள் குறைந்த மட்டத்தை உப்புநீராலேயே நிரப்பிவிடுகிறார்கள். குறைவதை நன்னீரால்தான் நிரப்ப வேண்டும். கோடையில் விசிறி ஓடும் தொட்டியில் நாளொன்றுக்கு அரை லிட்டர் முதல் ஒரு லிட்டர் வரை போகும். ஒரு லிட்டர் போனால் உப்பு 35இலிருந்து 36க்கு ஏறும். மூன்று நாள் ஊருக்குப் போய்விட்டு வந்தால் 38ஐத் தாண்டிவிடும். கண்ணாடியில் நீர்மட்டத்துக்கு ஒரு கோடு ஒட்டி, காலையும் மாலையும் அந்தக் கோடு வரை ஊற்றுங்கள். தானியங்கிக் கருவி வாங்க முடியாதவர்கள், சுத்த நீர் நிறைந்த இரண்டு லிட்டர் பாட்டிலைத் தலைகீழாகக் கட்டி, அதன் வாய் நீர்மட்டக் கோட்டைத் தொடும்படி நிறுத்தலாம். மட்டம் இறங்கினால் காற்று உள்ளே போய் நீர் வெளியே வரும், மட்டம் ஏறியதும் தானே நின்றுவிடும். பாட்டில் நெகிழாமல் கெட்டியாக இருக்க வேண்டும். கட்டு நழுவவும் கூடாது.

நம் நாட்டில் சிறு பவளத்தொட்டியைக் கொல்லும் முதல் காரணம் வெப்பம். குளிர்நாட்டார் எழுதிய குறிப்புகளைப் பார்த்து ஹீட்டர் வாங்குகிறவர்கள் உண்டு. தமிழ்நாட்டில் நீலகிரி, கொடைக்கானல் போன்ற மலையூர்கள் தவிர வேறெங்கும் அது தேவையில்லை. நீரை 25 முதல் 27 டிகிரிக்குள் வைக்கப் பாருங்கள். 29 வரை பொறுத்துக்கொள்ளும். 30ஐத் தாண்டி நாள்கணக்கில் நின்றால் பவளம் தன் திசுவுக்குள் வாழும் நுண்பாசியை வெளியேற்றி வெளுக்கும். மன்னார் வளைகுடாவில் 1998, 2010, 2016 கோடைகளில் பெரும் பரப்பில் நடந்ததும் இதுவே. நீர் சூடாகச் சூடாக அதில் கரைந்திருக்கும் ஆக்ஸிஜனும் குறையும், மீனுக்கோ அப்போதுதான் கூடுதலாக வேண்டியிருக்கும்.

சில்லர் என்னும் நீர் குளிர்விக்கும் இயந்திரம் வாங்கினால் இந்தத் தொட்டியின் மொத்தச் செலவைவிட அதன் விலை அதிகம். அதற்குப் பதில் இடத்தைத் தேர்ந்தெடுப்பதில் கவனம் வையுங்கள். மொட்டைமாடிக்கு நேர்கீழே உள்ள அறை வேண்டாம். மேற்கு வெயில் படும் சுவரும் வேண்டாம். கீழ்த்தளத்தில் காற்றோட்டமான உள்ளறை நல்லது. 12 வோல்ட் கணினி விசிறி இரண்டை நீர்ப்பரப்பின்மேல் சாய்வாக வீசும்படி பொருத்துங்கள். ஆவியாதல்தான் குளிர்விக்கிறது, எனவே தொட்டியைக் கண்ணாடியால் மூடிவிட்டு விசிறி வைத்தால் பயனில்லை, கொசுவலைத்துணி போன்ற வலைமூடியே சரி. மதுரை, திருச்சி போன்ற வறண்ட காற்றுள்ள ஊர்களில் இரண்டு மூன்று டிகிரி இறங்கும். சென்னையின் ஈரக்காற்றில் சில நாள் ஒரு டிகிரிதான் இறங்கும். அந்த நாள்களில் அரை லிட்டர் பாட்டிலில் நீரை உறைய வைத்து மிதக்கவிடலாம். அது முழுதும் உருகினால் 33 லிட்டர் நீரை ஒன்றரை டிகிரிக்கும் மேல் குளிர்விக்கும். ஒரே நேரத்தில் இரண்டு மூன்று பாட்டில்களைப் போட்டுவிடாதீர்கள். சூட்டைவிடத் திடீர் ஏற்ற இறக்கம் கெடுதல். மே மாதத்தில் விளக்கை நண்பகலில் அணைத்து, மாலை நான்கு மணிக்குமேல் எரிய விடுவதும் உதவும்.

கல்லுக்கு வருவோம். பவளப்பாறைக்குப் பதிலாகச் சிமெண்ட்டும் கிளிஞ்சலும் சேர்த்து நாமே கல் வார்க்கலாம். ஒரு பங்கு வெள்ளைச் சிமெண்ட், நான்கு பங்கு கோழித்தீவனக் கடையில் கிடைக்கும் உடைத்த கிளிஞ்சல், ஒரு பங்கு கல்லுப்பு. தண்ணீரை மிகக் கொஞ்சமாகத் தெளித்து, உதிரியாகப் புட்டு மாவு பதத்தில் பிசையுங்கள். கூழாகிவிட்டால் துளைகள் அடைபட்டு வெறும் கட்டியாகிவிடும். ஈரமணலில் குழி செய்து அதில் போட்டு, விரலால் துளைகளும் குடைவுகளும் இட்டு, ஈரச்சாக்கு மூடி ஒரு வாரம் வையுங்கள். பிறகு வாளி நீரில் ஊறப்போட்டால் உப்பு கரைந்து அந்த இடமெல்லாம் துளையாகும். நீரில் சேரும் கழிவை மாற்றும் பாக்டீரியா குடியேறப்போவது அந்தத் துளைகளில்தான். வீடு கட்டும் சாதாரண மூட்டைச் சிமெண்ட்டில் பெரும்பாலும் நிலக்கரிச் சாம்பல் கலந்திருக்கும்; உலோகங்களும் வரும் என்பதால் வேண்டாம். சுவருக்குப் பூசும் பட்டியும் வேண்டாம், அதில் பசைப்பொருள்கள் உண்டு.

இப்படி வார்த்த கல்லில் அவசரப்பட்டால் எல்லாம் போச்சு. புதுச் சிமெண்ட் நீரின் பி.எச். (அமில, கார நிலை) அளவை 11, 12 வரை தூக்கும். மூன்று நாளுக்கு ஒருமுறை நீரை மாற்றி ஆறு முதல் எட்டு வாரம் ஊறவையுங்கள். பிறகு புதுநீரில் ஒருநாள் முழுதும் போட்டு வைத்துப் பார்த்து, பி.எச். 8.5க்குள் நின்றால் தொட்டிக்குள் வைக்கலாம். மூன்று நான்கு கிலோ கல் போதும். அடுக்கும்போது கண்ணாடியை ஒட்டி வைக்காமல் நாலாபுறமும் இரண்டு விரல் இடம் விடுங்கள், நீர் சுற்றிவரவும் கண்ணாடியைத் துடைக்கவும். காத்திருக்க முடியாதவர்கள் மீன் கடைகளில் விற்கும் துளையுள்ள பீங்கான் வடிகட்டிக் கட்டிகளை அடுக்கலாம். அழகு குறைவு, வேலையில் குறைவில்லை.

மணல் தேவையே இல்லை. வெறும் கண்ணாடித் தரை சுத்தம் செய்ய எளிது, செலவும் இல்லை. கண்ணுக்கு வேண்டுமென்றால் ஒரு சென்டிமீட்டருக்கு மேல் போகாமல் கழுவிய கிளிஞ்சல் பொடி பரப்பலாம். கடற்கரை மணல் கூடாது. நம் தென்கரையில் இல்மனைட், கார்னெட் கலந்த கருமணலும் செம்மணலும் மிகுதி. மற்ற இடங்களில் சிலிக்கா.

நீரோட்டத்துக்கு மணிக்கு 400 முதல் 600 லிட்டர் தள்ளும் சிறு பவர்ஹெட் ஒன்று. ஏர்கூலர் பம்பை மலிவென்று போடுவது மிகப் பரவலான தவறு: அதன் இரும்புத் திருகுகள் உப்புநீரில் சில வாரங்களில் துருப்பிடிக்கும், 18 வாட் மின்சாரமும் தொட்டிக்குள் வெப்பமாகவே சேரும். தொட்டியின் ஓரத்தில் தொங்கும் சிறு வடிகட்டி ஒன்றும் வைத்து, அதில் பாலியெஸ்டர் பஞ்சு போட்டு மூன்று நாளுக்கு ஒருமுறை பஞ்சை மாற்றுங்கள். பஞ்சை மாற்றாமல் விட்டால் பிடித்த அழுக்கெல்லாம் அங்கேயே அழுகி நைட்ரேட்டாகத் திரும்பி வரும். கழிவை நுரையாக்கிப் பிரித்தெடுக்கும் புரோட்டீன் ஸ்கிம்மர் வேண்டாம். இந்த அளவுத் தொட்டியில் வாரந்தோறும் நான்கு லிட்டர் மாற்றினால் அந்த வேலை நடந்துவிடுகிறது.

விளக்குக்கு மூவாயிரம், நாலாயிரம் கொடுக்க வேண்டியதில்லை. கல் கூடு கட்டாத மென்பவளங்களுக்கு 6,500 கெல்வின் வெண்மையுள்ள 10 வாட் எல்.இ.டி. ஒன்றும், நீல நிற 10 வாட் எல்.இ.டி. ஃபிளட் விளக்கு ஒன்றும் நீருக்கு ஓரடி மேலே பொருத்தினால் போதும். நீலம் கட்டாயம் வேண்டும். பவளத்துக்குள் வாழும் பாசி 450 நானோமீட்டரை ஒட்டிய ஒளியைத்தான் நன்றாகப் பிடிக்கிறது. விளக்கை எரியவிடத் தொடங்கிய முதல் மாதம் நாளொன்றுக்கு ஐந்து மணி நேரம், பிறகு எட்டு. ஒரு டைமர் சுவிட்ச் வாங்கிவிடுங்கள். ஒருநாள் மூன்று மணி நேரம், மறுநாள் பன்னிரண்டு என்று எரிவது பாசிக்குத்தான் கொண்டாட்டம்.

மின்சாரத்தில் மட்டும் எதையும் மிச்சம் பிடிக்காதீர்கள். உப்புநீர் நன்னீரைவிடப் பல மடங்கு நன்றாக மின்சாரம் கடத்தும். தொட்டிக்குப் போகும் இணைப்பில் 30 மில்லிஆம்பியர் கசிவுத் துண்டிப்பான் இருக்க வேண்டும். ஒவ்வொரு வயரும் சுவிட்ச் பெட்டிக்குப் போகும் முன் கீழே தொய்ந்து மேலேற வேண்டும், அப்போதுதான் வயரில் வழியும் நீர் பிளக்குக்குள் போகாமல் தரையில் சொட்டும். நீருக்குள் கைவிடும் முன் எல்லாவற்றையும் அணையுங்கள். மின்வெட்டுக்கு யு.எஸ்.பி. காற்றுப்பம்பு ஒன்றும் ஒரு பவர்பேங்கும் தயாராக இருக்கட்டும். நீரோட்டம் நின்று, கோடை இரவில் இரண்டு மூன்று மணி நேரம் போனாலே மீன் மேலே வந்து வாய் திறக்கும்.

எல்லாம் ஓடத் தொடங்கியதும் மீன் வாங்கப் போகாதீர்கள். மீனின் கழிவிலிருந்து வரும் அம்மோனியாவை நைட்ரைட்டாகவும் பிறகு நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியா கல்லில் குடியேற நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். கடல்நீரின் பி.எச். 8.2 அளவில் இருப்பதால் அம்மோனியாவின் நச்சுப்பகுதி நன்னீரைவிட இங்கே அதிகம். நன்னீர்த் தொட்டியில் பிழைக்கும் அளவே இங்கே கொல்லும். மீன் இல்லாமலே அந்தப் பாக்டீரியாவுக்குத் தீனி கொடுக்க, ஆய்வகப் பொருள்கள் விற்கும் கடையில் அம்மோனியம் குளோரைடு வாங்கி, 10 கிராமை 500 மில்லி சுத்த நீரில் கரைத்து வையுங்கள். அதில் 10 மில்லி விட்டால் 33 லிட்டரில் அம்மோனியா லிட்டருக்கு 2 மில்லிகிராம் அளவுக்கு வரும். ஈயம் பூசுவதற்கு விற்கும் நவச்சாரமும் இதே பொருள்தான் என்றாலும் அதில் உலோகக் கலப்பு இருக்கக்கூடும், அதைத் தவிருங்கள். அம்மோனியா இறங்கியபின் மறுபடி 10 மில்லி. அப்படி விட்ட அளவு 24 மணி நேரத்துக்குள் அம்மோனியாவிலும் நைட்ரைட்டிலும் சுழியாக வந்தால் தொட்டி தயார். பாதி நீரை மாற்றிவிட்டு உயிரினங்களைப் பற்றி யோசிக்கலாம். இந்த நாள்களில் விளக்கு எரிய வேண்டியதில்லை.

பிறகு முதலில் பழுப்புப் பாசி படரும். அது டயாட்டம் என்னும் நுண்பாசி, அதற்கு வேண்டிய சிலிக்கேட் தீர்ந்ததும் தானே போகும். அடுத்துச் சிவப்புப் படலமோ பச்சை மயிர்ப்பாசியோ வரலாம். கையால் பிடுங்கி, நீர் மாற்றி, தீனியைக் குறைத்துப் பொறுத்திருங்கள். மருந்து ஊற்றாதீர்கள். பாசிக்குப் பயந்து நைட்ரேட்டையும் பாஸ்பேட்டையும் அடியோடு துடைத்தெடுப்பதும் தவறு. இரண்டும் சுழியாகிவிட்டால் டைனோஃபிளாஜெல்லேட் என்னும் குமிழியோடு கூடிய பழுப்புச் சளி வந்து கல்லையெல்லாம் மூடும், அதை விரட்டுவது மிகக் கடினம். லிட்டருக்கு நைட்ரேட் 5 முதல் 15 மில்லிகிராம், பாஸ்பேட் 0.03 முதல் 0.1 மில்லிகிராம் வரை இருப்பதே நல்லது.

முதல் குடியிருப்பாளர்கள் நாலைந்து பாசி தின்னும் நத்தைகள். அடுத்து மென்பவளங்கள்: கடைகளில் சோவா என்று சொல்லும் பொத்தான் பாலிப்புகள், மஷ்ரூம், சீனியா. கல்பவளம் யார் விற்றாலும் வாங்காதீர்கள். வீட்டில் வளர்த்துப் பெருக்கியவர்களிடம் ஒரு துண்டு வாங்குவதே மலிவும் நேர்மையும். அந்தத் துண்டு ஏற்கெனவே நம் ஊர் வெப்பத்துக்கும் விளக்குக்கும் பழகியது. சோவாவில் ஒரு எச்சரிக்கை உண்டு. அவற்றில் சில இனங்களில் பாலிடாக்சின் என்ற கடும் நச்சு இருக்கிறது. வெட்டும்போது கையுறையும் கண்ணைக் காக்கும் கண்ணாடியும் கட்டாயம். அவை ஒட்டிய கல்லைக் கொதிக்க வைத்துச் சுத்தம் செய்வது எக்காரணத்தாலும் கூடாது. அந்த ஆவியைச் சுவாசித்து குடும்பத்தோடு மருத்துவமனைக்குப் போனவர்கள் பல நாடுகளில் உண்டு.

மீன் என்றால் இந்த நீரளவுக்கு ஒன்று போதும், அதுவும் மூன்றாம் மாதத்தில். கோபி என்னும் சிறு மீன் பொருத்தம். எல்லோரும் கேட்கும் நீமோவை, அதாவது கோமாளி மீனை, வைத்தே ஆக வேண்டும் என்றால் குஞ்சு பொரித்து வளர்த்த இளமீனாகக் கேளுங்கள். மண்டபத்திலும் விழிஞ்சத்திலும் உள்ள மத்திய கடல்மீன் ஆராய்ச்சி நிலையத்தின் மையங்கள் கோமாளி மீனை இனப்பெருக்கம் செய்யும் முறையை உருவாக்கித் தந்திருக்கின்றன. கடலிலிருந்து பிடித்த மீனை வாங்க வேண்டிய கட்டாயம் இன்று இல்லை. மீன் கடைகள் ஒவ்வொரு கடல்மீன் தொட்டியிலும் 'வளர்ப்பு' அல்லது 'கடலில் பிடித்தது' என்று எழுதி ஒட்ட வேண்டும் என்று மீன்வளத் துறை விதி செய்தால் வாங்குபவர்களுக்குப் பேருதவியாக இருக்கும். நீலநிற டாம்சல் மீன் மலிவாகக் கிடைக்கும், ஆனால் பின்னால் வரும் எதையும் வாழவிடாது. கடல் சாமந்தி (அனிமோன்) இந்த அளவில் வேண்டாம்: நகர்ந்து போய்ப் பம்பில் சிக்கினால் ஒரே இரவில் நீர் முழுதும் கெடும்.

வழக்கமான பராமரிப்பில் காரத்தன்மை ஒன்றை மட்டும் வாரம் ஒருமுறை அளந்தால் போதும். 8 முதல் 9 டிகிரி கே.எச். (காரத்தன்மையின் அலகு) இருக்கட்டும். குறைந்தால் விலை கூடிய குப்பி மருந்து தேவையில்லை. ஒரு கிராம் ஆப்பச் சோடாவைச் சுத்த நீரில் கரைத்து மெல்ல ஊற்றினால் 33 லிட்டரில் ஏறக்குறைய ஒரு டிகிரி ஏறும். நாளொன்றுக்கு அதற்கு மேல் ஏற்றாதீர்கள். பேக்கிங் பவுடர் வேறு பொருள், அதைப் போட்டுவிடக் கூடாது. கால்சியம், மெக்னீசியம் சோதனைப் பெட்டிகளுக்குச் செலவழிக்க வேண்டாம். மென்பவளம் மட்டும் உள்ள தொட்டியில் வாராந்தர நீர்மாற்றமே அவற்றை ஈடுகட்டும்.

கொசு விரட்டி பற்றிச் சொல்லாமல் விட முடியாது, ஏனென்றால் அது எல்லா வீட்டிலும் இருக்கிறது. பிளக்கில் செருகும் திரவத்திலும் சுருளிலும் தெளிப்பானிலும் உள்ள பைரெத்ராய்டு வகை நஞ்சு இறாலுக்கும் மீனுக்கும் மிகக் கொடியது. காற்றுப்பம்பு அறைக்காற்றை உறிஞ்சி நேராக நீருக்குள் தள்ளுகிறது. தொட்டி உள்ள அறையில் கொசுவலை கட்டுங்கள். கரப்பான் மருந்தடிக்க ஆள் வந்தால் பம்பை வேறு அறையின் காற்றை இழுக்கும்படி மாற்றி, தொட்டியை நனைந்த துணியால் போர்த்துங்கள். சோப்புக் கையோடு நீருக்குள் கைவிடுவதும் அதே வகைக் கேடு.

கடைசியாக ஒன்று. தொட்டியைக் கலைக்க நேர்ந்தால் உயிரினங்களைக் கடலில் விடாதீர்கள். வளர்ப்புக்காகக் கொண்டுவரப்பட்ட கப்பாபைகஸ் என்னும் கடற்பாசி தப்பிப்போய்க் குருசடைத் தீவின் உயிர்ப்பவளங்கள்மேல் படர்ந்து மூச்சடைத்ததை மன்னார் வளைகுடா கண்டிருக்கிறது. மீனையும் பவளத்தையும் வேறொரு வளர்ப்பவருக்கோ வாங்கிய கடைக்கோ கொடுங்கள். பாசிபடிந்த கல்லை வெயிலில் இரண்டு வாரம் காயவிடலாம். சோவா ஒட்டியிருந்த கல்லைக் கையுறையோடு தனியாகக் கட்டிக் குப்பையில் போடுங்கள். உப்புநீரைச் செடிக்கோ ஏரிக்கோ மழைநீர் வடிகாலுக்கோ விடாமல் கழிப்பறையில் ஊற்றுங்கள்.

இப்படிக்கு,
கடல்தொட்டி வளர்ப்போர் சிலர்,
சென்னை.